பேப்பரில் பதினெட்டு

கற்பிட்டி
2012 ஜூன் 3

அஸ்ஸலாமு அலைக்கும் ஸலாஹுதீன் மச்சான்,

போன் கதை இனி வேண்டாம், உங்கள் உதைபந்துக் கழகத்துக்கு நான் தேடித் தருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் எழுத்தில் வரவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். ஆறாம் வகுப்போடு பேனையை வைத்துவிட்டுப் பந்தைத் தூக்கினவனை முப்பத்தெட்டு வருசம் கழித்துக் கட்டுரை எழுத வைத்திருக்கிறீர்கள். உங்கள் தங்கச்சி றுக்கியா கதவில் சாய்ந்துகொண்டு, அண்ணன் மேலேயே பொறாமையில், "எனக்கு ஒரு வரி எழுதாத மனிசன் எங்கட காக்காக்குப் பக்கம் பக்கமா எழுதுறார்" என்கிறாள். வீட்டில் சண்டை வந்தால் பொறுப்பு உங்கள் கழகம்.

அனுப்பின தாள்களில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. வேகம், உடல், பந்து அடக்கம், ஒழுக்கம், எல்லாவற்றுக்கும் பத்தில் எத்தனை. மீன் வாடிக் கொட்டிலில் ஐஸ் உடைக்கிற எனக்கு ஒழுக்கத்துக்குப் பத்தில் எத்தனை போடுவதென்று தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், கட்டத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டாம் அணிக்கு இந்த வருசம் மூன்று பேர்.

முதலாவது, தலவில ஊர் இன்னாசிப்பிள்ளையின் கடைசி மகன். கோல் காப்பவன். வருசா வருசம் திருவிழாக் கூட்டத்தில் மெழுகுதிரி விற்கிற பிள்ளை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கை நீளும் என்று கை நீள முன்னமே தெரிகிறது. குறை என்றால், கோல் விழுந்தால் தன்னை விட்டுவிட்டு மற்றப் பத்துப் பேரையும் ஏசுவான். வயது பதினாறு.

இரண்டாவது, வண்ணாத்திவில்லு ஹிஸ்புல்லா. யானை துரத்தி ஓடிப் பழகின கால். நேரே ஓடவிட்டால் பிடிக்க ஆளில்லை. வளைந்து ஓடச் சொன்னால் நின்று யோசிக்கிறான். வயது பதினேழு.

மூன்றாவது, பாலாவி அம்ஜத். மச்சான், இந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கடிதமே. பந்து காலில் இருக்கும்போது நான் யாரையும் பார்ப்பதில்லை. அப்போது எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். பந்து பறிபோன பிறகு ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் எண்ணுவேன். பத்துக்குள் இடுப்பில் கை வைக்கிறவனை அந்த இடத்திலேயே விட்டுவிடுவேன். அம்ஜத் நான் மூன்று எண்ணுவதற்குள் பந்தோடு திரும்பி நிற்கிறான். இப்போது இங்கே தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. உயர அடிக்கிற பந்தெல்லாம் உச்சமுனைத் தீவில் போய்த்தான் விழும் போலிருக்கிறது. இவன் ஒரு பந்தையும் முழங்காலுக்கு மேலே விடவில்லை. இடது கால். இருபது வருசத்தில் இப்படி ஒரு இடது காலை நான் பார்க்கவில்லை, என்னுடையதைச் சேர்த்தே சொல்கிறேன்.

தாய் தகப்பன் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றினபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள். பிள்ளை அகதி முகாமில் பிறந்தவன். தகப்பன் காடு மண்டின காணியை வெளியாக்க மன்னாருக்குப் போயிருக்கிறார். தாய் நஃபீஸாவுக்கு உப்பளத்தில் வேலை. வயதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மச்சான்
உசனார்


கொழும்பு
2012 ஜூன் 9

உசனாருக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்ஜத்தின் இடது காலுக்கு அரைப் பக்கம். வயதுக்கு "பிறகு எழுதுகிறேன்".

மூன்று வருசத்துக்கு முன்பு போனில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பதினேழு வயசுப் பிள்ளை மச்சான், மீசை கூட ஒழுங்கா முளைக்கல்ல." அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்க்க அவன் மனைவி மைதானத்துக்கு வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை, மத்தியஸ்தரின் காதில் விழ, "வாப்பா" என்று கூப்பிட்டது. கழகத்தை ஒரு வருசம் போட்டிக்கு வெளியே வைத்தார்கள். விசாரணையில் நான் தலை குனிந்து நின்றேன். கேட்டபோது, அப்படிச் சொல்லவேயில்லை என்றீர்கள். கடிதத்தில் கேட்பது அதனால்தான்.

விதி ஒன்றுதான். டிசம்பர் முப்பத்தொன்றில் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் ஓகஸ்ட் முப்பத்தொன்றில் மூடும். அம்ஜத்தின் பிறப்புப் பத்திரத்தின் பிரதியை அனுப்புங்கள். கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும்.

ஸலாஹுதீன்


கற்பிட்டி
2012 ஜூன் 15

மச்சானுக்கு ஸலாம் பல.

அந்தக் குழந்தையை நீங்கள் என் கணக்கில் எழுதி வைத்திருப்பது தெரியும். நான் பெற்ற பிள்ளை போல எல்லா இடத்திலும் என் பின்னாலேயே வருகிறது. அன்று நான் ஏமாந்தேன். ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வெட்கத்தில் சொல்லவேயில்லை என்றேன். இதை எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வையுங்கள்.

பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அம்ஜத், பிறந்த தேதி 1994 பெப்ரவரி 9. ஓம், பதினெட்டு தாண்டிவிட்டது. உங்கள் விதிப்படி ஆள் வெளியே. கட்டத்தை வெறுமையாக விட்டதற்குக் காரணம், பத்திரத்தை என் கையால் வாங்கிப் பார்த்த பிறகும் எனக்கு அதை நம்ப முடியவில்லை.

நான் சும்மா நம்பாமல் இருக்கிறவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். இந்த முறை சந்தேகப்பட வேண்டியதையெல்லாம் முன்னமே சந்தேகப்பட்டுவிட்டேன். மனைவி இருக்கிறாளா என்று பார்க்க அவர்கள் வீட்டுக்கே போனேன். முற்றத்துக் கொடியில் சின்ன உடுப்பு ஏதும் காய்கிறதா என்று பார்த்தேன். தாயின் உப்பளச் சேலையும் பிள்ளையின் பந்துக் காற்சட்டையும்தான். குரலைப் பார்த்தேன், இன்னும் உடைந்து முடியவில்லை, பாதி ஆடு பாதி ஆள். பாடசாலையில் விசாரித்தேன். பதினோராம் வகுப்பில் படிக்கிறான், ஒரு வருசமும் தவறவில்லை. பதினெட்டு முடிந்தவன் தவறாமல் படித்துப் பதினோராம் வகுப்பில் எப்படி இருப்பான்? முகாம் பிள்ளைகள் பிந்திச் சேர்ந்தவர்கள் என்கிறார் அதிபர். இருக்கலாம்.

தாயிடம் நேரே கேட்டேன். "நஃபீஸா, மகனுக்கு உண்மையில என்ன வயசு?" அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள். கை நின்றுவிட்டது.

"பேப்பர்ல உள்ளதுதான் காக்கா."

"பேப்பர நான் பார்த்துட்டன். பிள்ளையத்தான் கேக்கிறன்."

"பிள்ளையும் பேப்பரும் ஒண்டுதானே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அரிசி முற்றத்தில் கிடக்கிறது, கோழி கொத்துகிறது, நான் கோழியோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

மச்சான், இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள். என்னவென்று தெரியாமல் இந்த இடது காலை நான் விடமாட்டேன்.

உசனார்


கொழும்பு
2012 ஜூன் 22

உசனாருக்கு,

நாற்பது வருசம் இந்த விளையாட்டோடு இருக்கிறேன். வயதைக் குறைத்துப் பத்திரம் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பேர். பத்திரத்தில் வயது கூட, பிள்ளைக்கு வயது குறைவு என்று ஒருவரும் வந்ததில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் "பத்திரம் பிழை" என்று கதை வரும். கொஞ்ச நாளில், வேறு ஒரு பத்திரம் கிடைத்தது என்று வரும். அதில் 1996 என்றோ 1997 என்றோ இருக்கும். நீங்களே செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்களை வைத்து யாரோ செய்கிறார்களோ என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. தங்கச்சி போனில் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, நஃபீஸா கிழமைக்கு இரண்டு தரம் உங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று வாய் தவறிச் சொன்னாள். நான் கேட்டதும் கதையை மாற்றிவிட்டாள். வீட்டில் உங்கள் மகள், என் மருமகள் அகீலா இருக்கிறாள். அந்தக் குடும்பத்தோடு ஏதும் சம்பந்தக் கதை நடக்கிறதென்றால் அதையும் நான் எழுத்தில் அறியவேண்டும்.

பிள்ளையின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்கள். எலும்பு பொய் சொல்லாது. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு இப்போது தைரியமில்லை.

ஸலாஹுதீன்


கற்பிட்டி
2012 ஜூலை 8

என் சந்தேகக்கார மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை றுக்கியாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பந்தக் கதை வந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, முதுகில் தட்டவேண்டி வந்தது. நீங்கள் மறந்துவிட்டீர்கள் போல, அகீலாவுக்கு வயது ஒன்பது. மாமா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று கேட்கிறாள். பதிலை நீங்களே எழுதுங்கள், எழுத்தில்.

நஃபீஸா வருவது உண்மை. ஏன் வருகிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. மகனைக் கொழும்புக்கு அனுப்பவேண்டாம் என்று கெஞ்ச வருகிறாள். ஊரில் மற்றத் தாய்மார் எல்லாரும் பிள்ளையை அனுப்பச் சொல்லி இறால் கொண்டு வருவார்கள். இவள் அனுப்பவேண்டாம் என்று இறால் கொண்டு வருகிறாள். இரண்டையும் நான் திருப்பி அனுப்புகிறேன், என் நாக்குத்தான் பாவம்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. புத்தளத்தில் வரிசையில் நின்றோம். அம்ஜத் என் காதுக்குள், "சேர், கால் பார்க்க வேணுமெண்டா சரி, பந்து அடிக்கிறவனுக்குக் கைய ஏன் பார்க்கிறாங்க?" என்றான். கொழும்பில் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கால் மேல் நம்பிக்கை, வாய் மேல்தான் இல்லை என்றேன்.

படத்தையும் டொக்டர் எழுதின துண்டையும் வைத்திருக்கிறேன். வளர்கிற எலும்பின் நுனி இன்னும் மூடவில்லையாம். பதினைந்து, பதினாறு வயதுக்குரிய கை, பதினெட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று எழுதியிருக்கிறார்.

வெளியே வந்து தாயிடம் சந்தோசமாகச் சொன்னேன். பஸ் தரிப்பில் குந்தியிருந்து அழுகிறாள், மச்சான். மகனுக்கு வயது குறைந்ததற்கு அழுத தாயை நான் இன்றுதான் பார்த்தேன். இப்போது எனக்கும் உங்கள் வியாதி தொற்றிவிட்டது. இவள் இந்தப் பிள்ளையின் தாய்தானா என்று கூட யோசிக்கிறேன்.

உசனார்


கொழும்பு
2012 ஜூலை 14

உசனாருக்கு,

படம் கிடைத்தது. கழகத்து டொக்டரிடம் காட்டினேன். அவரும் பதினாறுக்கு மேல் போகாது என்கிறார்.

இது யாருடைய கை என்பதுதான் என் கேள்வி. வரிசையில் நிற்கும்போது இன்னொரு பிள்ளையை உள்ளே அனுப்புவது பெரிய வேலை இல்லை. நீங்கள் கூட நின்றீர்கள் என்பதை ஏற்கிறேன். கதவுக்குள்ளேயும் நின்றீர்களா?

கோபிக்கவேண்டாம். கழகத்தில் எல்லாரும் என்னிடம் கேட்கப்போகிற கேள்வி இது. உங்கள் பெயர் வந்தாலே அந்த மேசையில் சிரிக்கிறார்கள்.

ஆனால் தாய் அழுததை எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்ற வந்த குடும்பமென்றால் அந்தத் துண்டைக் கண்டு சந்தோசப்பட்டிருப்பார்கள். அது எனக்குச் சரியாக விளங்கவில்லை. அதை விசாரியுங்கள். பிள்ளையை விட்டுவிட்டுத் தாயை விசாரியுங்கள். மெதுவாக.

அகீலாவுக்கு என் ஸலாம். மாப்பிள்ளை பார்ப்பதைக் கைவிட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள்.

ஸலாஹுதீன்


கற்பிட்டி
2012 ஜூலை 27

மச்சானுக்கு,

கதவுக்குள்ளேயும் நின்றேன். ஈயக் கோட்டுப் போட்டு என்னையும் நிறுத்தினார்கள். அதை இதோடு விடுங்கள், வேறு கதை வந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, பழக்கத்தில் ஏதும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நஃபீஸா வந்தாள். இந்த முறை வெறுங்கையோடு வந்தாள். றுக்கியா பக்கத்தில் இருந்தாள். நான் கேட்க முன்னமே நஃபீஸாவே தொடங்கினாள்.

"காக்கா, அது மூத்தவன்ட பேப்பர்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. உனக்கு ஒரு மகன்தானே என்றேன்.

"இப்ப ஒண்டு. ரெண்டு பெத்தன்."

மூத்த பிள்ளைதான் அம்ஜத். 94 பெப்ரவரியில் பிறந்தது. 96 மே மாதம் முகாமில் காய்ச்சல் கண்டு இரண்டேகால் வயதில் மவுத்தாகிவிட்டது. தகப்பன் அப்போது உச்சமுனையில் மீன் வாடியில் வேலை. வந்து சேர முன்னமே அடக்கிவிட்டார்கள். இவள் வயிற்றில் அடுத்தது நாலு மாதம்.

முகாமில் நிவாரணக் கார்ட் எப்படி என்று உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி, பருப்பு, சீனி, எல்லாம் தலைக்கு இவ்வளவு. மவுத்தைப் பதிந்தால் ஒரு தலை வெட்டுப்படும். அடுத்த பிள்ளை பிறந்து சேர்க்கப் போனால் ஒரு வருசம் இழுக்கும் என்று பக்கத்துக் குடிசைக்காரி சொல்லியிருக்கிறாள். இவள் பதியவில்லை. ஒக்டோபர் மழையில் முகாமெல்லாம் வெள்ளம், குடிசைக்குள்ளேயே இந்தப் பிள்ளை பிறந்தது. அதையும் பதியவில்லை. பதியப் போனால், மூத்தவனைக் கொண்டுவந்து காட்டு என்பார்கள் என்று பயம்.

"கார்ட்ல மூணு தல இருந்திச்சு காக்கா. ஒண்டு போச்சு, ஒண்டு வந்திச்சு. மூணு மூணாத்தான் இருந்திச்சு. நான் ஒருத்தர்ட சோத்தயும் கூட எடுக்கல்ல" என்றாள். அதை மூன்று தரம் சொன்னாள்.

பிறகு பாடசாலையில் பத்திரம் கேட்டார்கள். இருந்தது மூத்தவனுடையது ஒன்றுதான். அதைக் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்தப் பிள்ளைக்கும் அம்ஜத் என்றே பெயர். அதுவரைக்கும் வீட்டில் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு இன்றைக்கும் இது தெரியாது.

கொழும்புக்குப் போனால் கழகத்தில் பத்திரத்தைத் தோண்டுவார்கள், தோண்டினால் தன்னைப் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள் என்றுதான் அவ்வளவு கெஞ்சியிருக்கிறாள். பதினாறு வருசத்துக்கு முந்தின அரிசிக்கு யாரும் இப்போது மறியலில் போடமாட்டார்கள் என்றேன். அதற்கும் அவள் எழும்பவில்லை.

"மறியல் போகட்டும் காக்கா. அவன் மவுத்தானத இப்ப நினைச்சு வச்சிருக்கிறது நானும் அவன்ட வாப்பாவுந்தான். பேப்பர்ல அவனுக்கு இப்ப பதினெட்டு வயசு. நான் எப்படிப் போய் அவன வெட்டச் சொல்றது?"

றுக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போய், இல்லாத வேலை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன்.

இதை எழுதும்போதே தெரிகிறது, நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று. வேறு பத்திரம் வரும், அதில் 1996 என்று இருக்கும் என்று முன்னமே எழுதினீர்கள். அப்படியே வந்து நிற்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் கையில். ஒக்டோபர் வந்தால்தான் பிள்ளைக்குப் பதினாறு. அவன் இடம் உங்கள் ஓகஸ்ட் முப்பத்தொன்றில் நிற்கிறது.

உசனார்


கொழும்பு
2012 ஓகஸ்ட் 4

உசனார் மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் நம்பவில்லை. இரண்டாம் தரம் நீங்கள் எழுதினீர்களா, யாரும் எழுதித் தந்தார்களா என்று பார்த்தேன். மூன்று தலை மூன்று தலையாக இருந்தது என்ற வரியை ஒருவர் இருந்து யோசித்து உண்டாக்க முடியாது என்று நாலாம் தரம் தோன்றியது.

ஆனால் எனக்குத் தோன்றுவதைக் கழகத்தில் மேசையில் வைக்க முடியாது. பள்ளிவாசலில் மையத்து அடக்கம் எழுதுகிற கொப்பி இருக்கும். 96 மே மாதத்தில் அந்தப் பெயர் இருக்கவேண்டும். இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி வேண்டும், நிர்வாகியின் கையெழுத்தோடு. இல்லாவிட்டால் இந்தக் கதையை நான் தொடமாட்டேன்.

இருந்தால் செய்யவேண்டியது இது. இந்த மாதம் இருபத்தேழாம் தேதி புத்தளத்தில் நடமாடும் சேவை வைக்கிறார்கள், இடம்பெயர்ந்தவர்களின் பதிவு வேலைக்கு. இரண்டு பதிவும் ஒரே நாளில் கொடுக்கவேண்டும். இளையவனின் பிறப்பும் மூத்தவனின் இறப்பும். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது சந்தேகமாகிவிடும். தாய் இரண்டிலும் கையெழுத்திடவேண்டும். எக்ஸ்ரேயையும் டொக்டர் துண்டையும் கொண்டுபோங்கள். விண்ணப்பம் ஏற்றதற்கு முத்திரை வைத்த கடிதம் கிடைத்தால் கழகம் அதை வைத்துப் பெயரைப் பதியும். நான் கையெழுத்திடுவேன். இதில் பிசகினால் மூன்று வருசத்துக்கு முன்பு நடந்தது போல் தலை குனிவதோடு முடியாது, நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பிள்ளைக்குச் சொல்லாமல் இதைச் செய்யக்கூடாது. நீங்கள் சொல்லவேண்டாம். பகிடி விட்டுவிடுவீர்கள். தாய் தகப்பன் சொல்லட்டும்.

ஸலாஹுதீன்


கற்பிட்டி
2012 ஓகஸ்ட் 28

மச்சானுக்கு பெருநாள் ஸலாம், பிந்தித்தான்.

கொப்பி இருந்தது. பள்ளி அலுமாரியில் ஐந்து கொப்பிகளுக்குக் கீழே, கரையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் நடுவைத் தொடவில்லை. 1996 மே 21, அம்ஜத், வயது 2, பாலாவி முகாம். பிரதி இதோடு இருக்கிறது. ஆளை அனுப்பி அந்தக் கொப்பியையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், பள்ளியில் தடை இல்லை.

தகப்பன் பெருநாளுக்கு மன்னாரிலிருந்து வந்தார். தொழுகை முடிந்து வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் பிள்ளைக்குச் சொன்னார்கள். நீங்கள் சொன்னபடி நான் இருக்கவில்லை. பின்னேரம் பிள்ளை ஐஸ் வாடிக்கு வந்தான். அன்றைக்கு வேலை இல்லை, வெறும் வாடி. கோணிச் சாக்கில் குந்திக்கொண்டு இருந்தான். எனக்குப் பகிடி நாலைந்து வாய்க்கு வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன். விழுங்கினேன் என்பதை உங்களுக்கு எழுத்தில் தருகிறேன்.

கடைசியில், "அப்ப என்ட பேர் என்ன சேர்?" என்றான்.

"உம்மாட்ட கேட்டியா?"

"ஃபாஹிம் எண்டு வைக்க இருந்தாங்களாம்." பிறகு, "பதினஞ்சு வருசமா ஒருத்தரும் கூப்பிடல்ல" என்றான்.

காக்காவை அடக்கின மையவாடிக்குப் போய்ப் பார்த்தானாம். முகாம் காலத்துக் குழிகளுக்கு அடையாளம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் என்று தாய்க்கு மட்டும் தெரியும். கிழக்குச் சுவரோரம் மூன்றாவது மரத்துக்கு இப்பால் என்று காட்டியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை பந்துக்கு வரவில்லை. இந்தக் காலை நானே கெடுத்துவிட்டேனோ என்று யோசித்தேன். வேறு எதைக் கெடுத்தேன் என்றும் யோசித்தேன்.

நேற்று நடமாடும் சேவை. நாங்கள் நாலு பேரும் போனோம். பாடசாலை மண்டபத்தில் கதிரை போட்டு, சனம் வாசலுக்கு வெளியிலும் நின்றது. பிள்ளை எங்களோடு இருக்கவில்லை, நாலு கதிரை தள்ளி இருந்தான். ஃபாஹிம் என்று எழுதின பிறப்பு விண்ணப்பத்தில் நஃபீஸா கையெழுத்திட்டாள். இறப்பு விண்ணப்பத்தை வைத்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அலுவலர் நல்ல மனுசன், பின்னால் வரிசை நிற்கிறது, அவரும் எத்தனை நேரம் பொறுப்பார். தகப்பன், "போடு, போடு" என்று மெதுவாகச் சொல்கிறார். அவளுக்குக் கை வரவில்லை.

பிள்ளை எழும்பி வந்தான். கீழே குனிந்து, "உம்மா, காக்காட பேர எடுத்துட்டு நான் ஓடிட்டன். இதப் போட்டா அவர்ட பேர் அவருக்குத் திரும்பிப் போகும்" என்றான்.

போட்டாள்.

முத்திரை வைத்த கடிதம் இதோடு வருகிறது. பிறப்புப் பத்திரம் இரண்டு கிழமையில் என்றார்கள். இன்றைக்குக் கொழும்பு பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாம்.

உசனார்


கொழும்பு
2012 செப்டெம்பர் 16

உசனார் மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

முப்பத்தொன்று போயா விடுமுறை என்பதால் பட்டியல் முப்பதாம் தேதியே மூடிவிட்டது. உங்கள் மூன்று பேரும் அதில் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரமும் வந்து சேர்ந்தது. இன்னாசிப்பிள்ளையின் மகன் விடுதியில் முதல் நாளே சமையல்காரரை ஏசிவிட்டான். ஹிஸ்புல்லாவுக்கு வளைவு பழக்குகிறோம். ஃபாஹிமின் இடது காலைப் பற்றி நீங்கள் எழுதினது குறைவு.

ஒன்றை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. வயதை மாற்றி வருகிறவனைப் பிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது, இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கடதாசியில் எந்தப் பெயரோடு வந்தாலும், களைத்து ஓடுகிற நேரத்தில் பின்னாலிருந்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பினால் ஆள் அவன்தான். அப்படி மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன்.

கொப்பியின் பிரதி என் பெட்டியில் இருந்தது. முத்திரை இருந்தது, எக்ஸ்ரே இருந்தது. அப்படியிருந்தும் முதல் நாள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அதைச் செய்தேன். முதலில் "ஃபாஹிம்" என்று கூப்பிட்டேன். மூன்று தரம். திரும்பவில்லை, ஓடிக்கொண்டே இருந்தான். பிறகு "அம்ஜத்" என்றேன், ஒரே ஒரு தரம், அவ்வளவு சத்தமாகவும் இல்லை.

பந்தை விட்டுவிட்டு நின்றான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். என்னிடம் ஓடி வந்தான். மூச்சு வாங்கினது.

"சேர், அது எங்கட காக்காட பேர்" என்றான். "நான் ஃபாஹிம். இன்னும் பழகல்ல. கொஞ்ச நாளைக்கு ரெண்டு மூணு தரம் கூப்பிடுங்க சேர், திரும்புவன்."

போ என்றேன். பாதி மைதானம் ஓடின பிறகு ஃபாஹிம் என்று கூப்பிட்டேன்.

இன்று ஆறாவது நாள். இரண்டாவது கூப்பிடலுக்குத் திரும்புகிறான்.

ஸலாஹுதீன்